இரும்பு வந்தது, பிள்ளை வரவில்லை

எங்கள் ஊர்த் தெருவில் நின்றால் ஜவ்வாது மலை முழுதாகத் தெரியும். காலையில் நீலம், மத்தியானம் சாம்பல், மழைக்கு முன்னால் கை நீட்டினால் தொடலாம் போலக் கறுப்பு. மாடு காணாமல் போனால் அந்தப் பக்கம்தான் கை காட்டுவார்கள். கணியம்பாடிக்குப் பக்கத்துச் சிற்றூர் எங்களுடையது. தினமும் பார்க்கிற அந்த மலையில் எங்கள் குடும்பத்தில் ஒருவர்கூட ஏறியதில்லை.

முதலில் ஏறியவள் நான். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவளும், முதலில் கைக்கடிகாரம் கட்டியவளும் நான்தான். அதனால் முதலாவதாக இருப்பது எனக்குப் பழகிய காரியம்.

நான் எங்கள் ஊர்ப் பள்ளியிலேயே ஆசிரியையாகி இரண்டாவது கோடை அது. ஐந்தாம் வகுப்பு முடித்து ஜூனில் விடுதியில் சேரப்போகும் பெண்பிள்ளைகளை, வீட்டை விட்டுத் தனியே இருக்கப் பழக்குவதற்காக, எட்டு நாள் முகாம் ஒன்றை ஒரு சேவைச் சங்கம் மலைமேல் நடத்தியது. பதினான்கு பிள்ளைகள். கூடப் போன ஆசிரியை நான். பதினான்கில் ஒருத்தி என் அண்ணன் மகள் மல்லிகா. பத்து வயது. அதுவரை அவள் தன் அம்மாவின் முந்தானைக்கு அந்தப் பக்கம் தூங்கியதில்லை.

எங்கள் ஊர்ப் பள்ளி ஐந்தாம் வகுப்போடு சரி. அதற்கு மேல் படிக்க வேண்டுமென்றால் விடுதிதான். அண்ணனைச் சம்மதிக்கவைக்க மாசி மாதத்திலிருந்து பேசினேன். கடைசியில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"எட்டு நாள் இட்டுகினு போ. அழுவாம இருந்துச்சின்னா ஆஸ்டல் பத்திப் பேசலாம். அழுதுச்சின்னா அதோட வுட்டுடணும். நீயும் திரும்பக் கேக்கக்கூடாது."

"சரிண்ணா."

"மறைக்கவும் கூடாது."

"நான் எதுக்கு மறைக்கப்போறேன்?" என்றேன். எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

புறப்பட்ட அன்று அண்ணி அழவில்லை. மல்லிகாவின் துணிமூட்டையைத் தானே கட்டினாள், அவிழ்த்தாள், மறுபடி கட்டினாள். பஸ் கிளம்பும்வரை அதையே செய்துகொண்டிருந்தாள்.

மலைப் பாதையில் மூன்றாவது வளைவிலேயே பிள்ளைகள் ஒவ்வொருத்தியாக ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டத் தொடங்கினார்கள். கண்டக்டர் சட்டைப்பையிலிருந்து எலுமிச்சம்பழங்களை எடுத்து வீசினார். "மோந்துகினே வாங்க கண்ணுங்களா, கீழ பாக்காதீங்க" என்றார். அவர் அப்படிச் சொன்னதும் பதினான்கு பேரும் கீழே பார்த்தார்கள்.

ஆறாவது வளைவில் பஸ் புஸ்ஸென்று ஆவி விட்டு நின்றது. எல்லோரையும் இறக்கினார்கள். நான்கு ஆண்கள் போய்ப் பின்சக்கரத்துக்குக் கல் வைத்தார்கள். யாரும் சொல்லாமலேயே வைத்ததைப் பார்த்தால் இது தினப்படி வேலை என்று தெரிந்தது. டிரைவர் தகர டின்னை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போனார். பலாப்பழத்தைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்து வந்த மலைக்காரர் ஒருவர் எங்களைக் கடந்து போனார். முக்கால் மணி கழித்துப் பஸ் கிளம்பியது. இரண்டு வளைவு தாண்டி அவரை எட்டிப் பிடித்தபோது ஜன்னல் வழியாகக் கேட்டார்: "இன்னா, வந்துட்டீங்களா? நானும் பாத்துகினேதான் வர்றேன்." பஸ்ஸே சிரித்தது. டிரைவர் மட்டும் சிரிக்கவில்லை.

ஜமுனாமரத்தூரைத் தாண்டிக் கொஞ்சம் நடந்தால் முகாம். கோடை விடுமுறைக்கு மூடியிருந்த ஓட்டுக் கட்டடப் பள்ளி, சுற்றிலும் முள்வேலி, வாசலுக்கு மூங்கில் படல். முகாமை நடத்தியவர் வேலூர்க்காரர், லலிதா. பிள்ளைகள் அவரைப் பெரியக்கா என்றார்கள். தண்ணீர் எடுக்க, பெருக்க, சோறு போட, எல்லாவற்றுக்கும் முறை வைத்தார். முறை வந்தவள் அன்று யார் சொன்னாலும் தன் வேலையை விட்டு நகரக்கூடாது. பெரியக்காவே சொன்னாலும்.

சமையல் சின்னப்பொண்ணு. மலையைச் சேர்ந்தவள், என் வயதுதான் இருக்கும். முதல் நாள் சாமைச் சோறும் கொள்ளுக் கடைசலும் போட்டாள். எங்கள் ஊரில் சாமை என்றால் காய்ச்சல்காரருக்குக் கஞ்சி. இங்கே ஆவி பறக்க இலையில் குவித்து, நடுவில் குழி பறித்துக் கடைசலை ஊற்றினாள். ஒருத்தி மட்டும் "இங்க யாருக்குக்கா உடம்பு சரியில்ல?" என்று கேட்டாள். சின்னப்பொண்ணு இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "துன்னு பாரு, அப்புறம் சொல்லு. கீழ்நாட்டுப் புள்ளைங்களுக்கு வாய் மட்டுந்தான் பெருசு, வயிறு இத்தினிக்காண்டு" என்றாள். கேட்டவள் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டாள்.

சித்திரை வெயிலில் புறப்பட்டவர்கள் நாங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கெல்லாம் போர்வையைத் தேடினோம். அன்று ஐந்து பிள்ளைகள் அழுதார்கள். மல்லிகா அழவில்லை. அழுதவர்களில் ஒருத்திக்குத் தலை பின்னிவிட்டாள். அண்ணன் இதைப் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள் மத்தியானம் ஓடையில் குளித்தோம். தண்ணீர் பல்லைக் கிட்டவைத்தது. கரையேறிய மல்லிகா மாற்றுப் பாவாடைக்காக மூட்டையை முதல் முறையாக அடிவரை அவிழ்த்தாள். அதற்குப் பிறகு அவள் சத்தமே கேட்கவில்லை. நாலு மணிக்கு மேற்கே கறுத்தது. மலைமேல் இடி எங்கள் ஊர் இடி மாதிரி தூரத்தில் உருளுவதில்லை. கூரைமேல் அம்மியைப் போட்டதுபோல இடிக்கிறது. முதல் இடிக்கு எல்லாப் பிள்ளைகளும் அலறினார்கள். இரண்டாவது இடிக்குச் சிரித்தார்கள். மல்லிகா மட்டும் மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்து அழுதாள். தேம்பித் தேம்பி, நிறுத்தாமல்.

"இன்னா ஆச்சு மல்லிகா?"

"வூட்டுக்குப் போவணும் அத்தே."

"அம்மா ஞாபகம் வந்துடுச்சா?"

தலையை இரண்டு பக்கமும் ஆட்டினாள். அதை ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். நான் ஆமாம் என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாளும் அழுதாள். சாப்பிடவில்லை. மற்ற ஐந்து பேரும் தெளிந்துவிட்டார்கள். டீச்சரின் சொந்த அண்ணன் மகள் மட்டும் அழுகிறாள். எனக்கு அவமானமாக இருந்தது. பெரியக்கா ஒன்றும் சொல்லவில்லை என்பதால் இன்னும் அதிக அவமானம். மல்லிகாவைத் தனியே கூட்டிப்போய், "நீ இப்படி அழுதா உங்க நைனா உன்னை ஆடு மேய்க்க வுட்டுடுவாரு, தெரியுமா? படிப்பு அவ்வளவுதான்" என்றேன். இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. அப்போது அதுதான் பாடம் என்று நினைத்தேன்.

சாயங்காலம் சமையற்கட்டில் பலாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்த சின்னப்பொண்ணு என்னைக் கூப்பிட்டாள்.

"இன்னா டீச்சர், எல்லாம் படிச்சிகீறீங்க. அந்தப் புள்ள கோழிக்கு அழுவுது, இது தெரியலயா?"

"கோழிக்கா?"

"அடை வெச்சிட்டு வந்திருக்குது. என்னாண்ட சொல்லிச்சி. உங்களாண்ட சொன்னா திட்டுவீங்களாம்."

விஷயம் இதுதான். மல்லிகாவுக்கு என்று வீட்டில் ஒரு கோழி உண்டு. அந்தக் கோடையில் முதல் முறையாக அவளே அதை அடை வைத்தாள். கூடையில் வைக்கோல் பரப்பி, பதின்மூன்று முட்டை அடுக்கி, ஓரத்தில் அடுப்புக்கரியும் காய்ந்த மிளகாயும் ஒரு இரும்புத் துண்டும் போட்டாள். எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான் செய்வார்கள். இரும்பு இல்லாவிட்டால் இடிச் சத்தத்தில் முட்டை கூழாகிவிடும் என்பது நம்பிக்கை. அவள் போட்டது உடைந்த அரிவாளின் முனை. வீட்டில் எத்தனையோ அடைக் கூடைகளைக் காத்தது.

அதே இரும்புக்கு எங்கள் வீடுகளில் இன்னொரு வேலையும் உண்டு. பிள்ளைகளை வெளியூர் அனுப்பும்போது, காடு மலை தாண்டும்போது, காத்து கருப்பு அண்டாமலிருக்க மூட்டையில் இரும்பு வைத்து அனுப்புவார்கள். அண்ணி வைத்திருக்கிறாள். ஓடைக்கரையில் மூட்டையின் அடியில் மல்லிகாவின் கையில் தட்டுப்பட்டது அந்த அரிவாள் முனைதான். தனக்காக அம்மா கூடையிலிருந்து அதை எடுத்துவிட்டாள். அன்றைக்கே இடியும் இடித்துவிட்டது.

நான் சிரித்தேன். மல்லிகாவைக் கூப்பிட்டு உட்காரவைத்து, முட்டைக்குள் குஞ்சு எப்படி வளர்கிறது, இடிக்கும் முட்டைக்கும் ஏன் சம்பந்தம் இல்லை, இரும்பினால் ஏன் ஒன்றும் ஆகாது என்று அரை மணி நேரம் விளக்கினேன். தரையில் படம் போட்டுக்கூடக் காட்டினேன். முடிவில் "புரிஞ்சுதா?" என்றேன். "புரிஞ்சுது" என்றாள். அப்புறம் போய் மூட்டையைக் கட்டிக்கொண்டு அதே சுவரோரம் உட்கார்ந்தாள்.

நான்காம் நாள் காவலூருக்குப் போனோம். விண்மீன்களைப் பார்க்கும் பெரிய தொலைநோக்கி அங்கே இருக்கிறது. வழியெல்லாம் சாமை விதைக்க உழுதுபோட்ட சரிவுகள், புளியமரங்கள். அவற்றின் நடுவே கவிழ்த்துவைத்த வெள்ளைப் பானைபோல அந்தத் தொலைநோக்கியின் கூண்டு. பகலில் விண்மீன் கிடையாது என்றாலும் உள்ளே கூட்டிப்போய்க் காட்டினார்கள். ஒரு பாறையளவு கருவி, வலிய இரும்புச் சட்டங்கள். இங்கே விடியவிடிய வேலை, பகலில் தூக்கம் என்று சுற்றிக்காட்டிய இளைஞர் சொன்னார். "எங்க மாமா மாதிரி" என்றாள் ஒருத்தி. அவள் மாமா என்ன வேலை செய்கிறார் என்று நான் கேட்கவில்லை.

வேறு யாரிடம் கேள்வி இருக்கிறது என்று அவர் கேட்டதும், இரண்டு நாளாக என்னிடம் தானாக வாயே திறக்காத மல்லிகா கை தூக்கினாள்.

"சார், இடி இடிச்சா இது கெட்டுப்போவாதா?"

அவர் மகிழ்ந்துபோனார். "நல்ல கேள்வி. அதுக்குத்தான் மேல கம்பி வெச்சிருக்கோம். இடி விழுந்தா அந்தக் கம்பியில இறங்கி மண்ணுக்குள்ள போயிடும்."

"இரும்புக் கம்பியா சார்?"

"செம்பு."

மல்லிகா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். அவ்வளவு பெரிய படிப்புப் படித்தவர்களே கம்பி வைத்திருக்கிறார்கள். அவர்களுக்குச் செம்பு கிடைத்திருக்கிறது, நம் வீட்டில் இரும்பு. அந்தப் பார்வையில் வேறு ஒன்றும் இல்லை. "அது மின்னலுக்கு, இது வேற" என்று நான் சொன்னது என் காதுக்கே பலவீனமாகக் கேட்டது.

திரும்பிப் பஸ்ஸுக்கு நடக்கும்போது அவளாக வந்து என் கையைப் பிடித்தாள்.

"நான் பஸ்ல போய் அத்தக் கூடையில வெச்சிட்டு சாயங்காலமே வந்துடறேன் அத்தே."

"போனீன்னா உங்க நைனா திரும்ப அனுப்பமாட்டாரு."

"தெரியும்."

"ஆஸ்டலும் இல்ல."

"தெரியும் அத்தே. ஆனா அந்தக் கோழி பாவம், எந்திரிக்காமயே உக்காந்துகினு கீது. அதுக்குத் தெரியாதில்ல, அடியில இரும்பு இல்லன்னு."

இந்த இரண்டு "தெரியும்" என்னைச் சாய்த்துவிட்டன. நான் அவளை மிரட்டிய விஷயத்தை அவள் எடைபோட்டுப் பார்த்து, அந்தக் கோழிக்காக விட்டுக்கொடுக்கவும் தயாராக இருந்தாள். பத்து வயதில் நான் யாருக்காகவும் எதையும் விட்டுக்கொடுத்ததாக நினைவில்லை.

"நீ போவ வேணாம். இரும்பு மட்டும் போவட்டும்" என்றேன்.

மறுநாள் ஜமுனாமரத்தூர்ச் சந்தை. தேன், புளி, கடுக்காய், பனைவெல்லம், கோழிகள், அலுமினியப் பாத்திரக்காரர்கள். ஒருபக்கம் டிரான்சிஸ்டரில் பாட்டு, மறுபக்கம் மாட்டுத் தரகு. கூட்டத்தில் எங்கள் பஸ்ஸைத் தேடிப் பிடித்தேன். அதே எலுமிச்சம்பழக் கண்டக்டர். அரிவாள் முனையைத் துணியில் சுற்றி, மேலே கடிதத்தை வைத்துக் கட்டி, எங்கள் ஊர் நிறுத்தத்து டீக்கடையில் அண்ணன் பெயர் சொல்லிக் கொடுத்துவிடச் சொன்னேன்.

அவர் கையில் எடை பார்த்தார். "இன்னா டீச்சர், மலைக்கு வந்தவங்க தேன் குடுத்தனுப்புவாங்க. நீங்க இரும்பு அனுப்பறீங்க. லக்கேஜ் போடவா?"

"கோழிக்குங்க."

"கோழிக்கா?" என்றார். பிறகு முகம் மாறி, "ஓ, அடை வெச்சிருக்குதா? அத்த மொதல்லயே சொல்ல வேணாம்?" என்று காக்கிச் சட்டையின் உள்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார். அவருக்கு நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

கடிதம் ஒன்றரைப் பக்கம். என் கையெழுத்துக்குப் பயிற்சிப் பள்ளியில் பரிசு வாங்கியிருக்கிறேன். நடந்ததையெல்லாம் ஒளிக்காமல், வரிசையாக, நல்ல தமிழில் எழுதியிருந்தேன். எழுதியாகிவிட்டது, இனிக் கவலையில்லை என்று திரும்பினேன். மல்லிகா அன்று இரண்டு பங்கு களி சாப்பிட்டாள்.

ஆறாம் நாள் காலை நான் மற்ற பிள்ளைகளோடு ஓடையில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். ஒருத்தி மூச்சிரைக்க ஓடி வந்தாள். "டீச்சர், யாரோ வந்து படலாண்ட மல்லிகா கூட சண்டை போடறாங்க!"

ஓடினேன். படலுக்கு வெளியே அண்ணனும் அண்ணியும். உள்ளே மல்லிகா, மடியில் நீள நோட்டுடன், பென்சிலுடன். அன்று அவளுக்கு வாசல் முறை. யார் வந்தாலும் பெயர், ஊர், பார்க்க வேண்டியவர், காரணம் நான்கும் எழுதிய பிறகே படலைத் திறக்க வேண்டும் என்பது பெரியக்காவின் உத்தரவு.

"பேரு சொல்லு நைனா. எழுதினாத்தான் தொறப்பேன்."

"ஏய், இன்னா வெளயாடறியா? தொறடி."

"பெரியக்கா திட்டும். பேரு?"

அண்ணன் என்னைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார். "கோவிந்தன்" என்றார்.

"ஊரு எனக்குத் தெரியும். யாரப் பாக்கணும்?"

"உன்னத்தான்!"

மல்லிகா குனிந்து தன் பெயரையே பிழையில்லாமல் எழுதினாள். "காரணம்?"

அண்ணன் படலின் மூங்கிலைப் பற்றிக்கொண்டார். "இரும்பு வந்துச்சி, புள்ள வரல. அதான் வந்தோம்னு எழுது."

அப்போதுதான் நான் செய்த காரியம் எனக்கு உறைத்தது. பிள்ளையோடு அனுப்பிய இரும்பு பிள்ளையோடுதான் திரும்பி வர வேண்டும். அது மட்டும் தனியாக வந்தால் என்ன அர்த்தம் என்பதை எங்கள் ஊரில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கடிதம் கூடவே போயிருந்தது. ஆனால் எங்கள் தெருவில் கடிதம் படித்துச் சொல்கிற டீக்கடைக்காரர் கல்யாணத்துக்குப் போயிருந்தார்; கடைப் பையன் பொட்டலத்தை மட்டும் வீட்டில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். விடியும்வரை இருவரும் கண் மூடவில்லை. முதல் பஸ்ஸைப் பிடித்துவிட்டார்கள். வீட்டுப் பெரியவர்களில் எழுத்துத் தெரிந்தவள் நான் ஒருத்தி என்று இத்தனை காலம் பெருமைப்பட்டவள், அந்த வீட்டுக்குக் கடிதம் எழுதினால் யார் படிப்பார்கள் என்று யோசிக்கவேயில்லை.

அண்ணி மூங்கில் இடுக்கில் கையை நுழைத்து மல்லிகாவின் கன்னம், காது, கழுத்து, தோள் எல்லாவற்றையும் தடவிப் பார்த்தாள். மல்லிகா நெளிந்தாள். "உன் பேரு சொல்லும்மா, இன்னும் எழுதல."

"என் பேரா? அது தெரியாதாடி உனக்கு?"

"நீதான் சொல்லணும்."

"கன்னியம்மா" என்றாள் அண்ணி, யாரோ பெரிய மனிதரிடம் சொல்வதுபோல.

அந்த நோட்டை நான் பிறகு பார்த்தேன். மேல் வரியில் "காரணம்: பால்." கீழ் வரியில் "காரணம்: விறகு." நடுவில், நான் வகுப்பில் சொல்லிக்கொடுத்த எழுத்துத் தமிழில், "இரும்பு வந்தது, பிள்ளை வரவில்லை. அதனால் வந்தோம்."

படல் திறந்ததும் மல்லிகா கேட்ட முதல் கேள்வி, "கோழி?"

"கோழிக்கு இன்னா? அன்னிக்கே அரிவாள எடுத்துட்டு மாட்டு லாடம் ஒண்ணு வெச்சிட்டேனே" என்றாள் அண்ணி. "எடுத்தா எடத்த சும்மாவா வுடுவாங்க?"

மல்லிகா அம்மாவைப் பார்த்து வாய் பிளந்தாள். நான் சமையற்கட்டுப் பக்கம் பார்க்காமலிருக்க முயன்றேன். சின்னப்பொண்ணு சிரிக்கும் சத்தம் கேட்டது.

அண்ணி இடுப்பிலிருந்து என் கடிதத்தை எடுத்தாள். வியர்வையில் நனைந்திருந்தது. "இதுல இன்னா எழுதியிருக்குது?"

மல்லிகாவே வாங்கிப் படித்தாள். வாசல் முறையை விட்டு நகராமல், படலடியில் நின்றுகொண்டே. "அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு, தங்கை வசந்தா எழுதிக்கொண்டது. இங்கு யாவரும் நலம். மல்லிகா..." நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். அடுத்த வரி என்னவென்று எனக்குத் தெரியும். அதைத் தாண்டிப் படித்திருந்தால் அங்கே யாருக்கும் தெரியப்போவதில்லை. பெற்றோர் இருவருக்கும் அந்தத் தாளில் இருந்தவை வெறும் கோடுகள்.

"மல்லிகா இரண்டு நாட்கள் அழுதாள்" என்று படித்தாள். பிறகு தலையை நிமிர்த்தி, "இத்த ஏன் அத்தே எழுதின?" என்றாள்.

அண்ணன் கேட்டார்: "அழுதியா?"

"அழுதேன்."

"வூட்டுக்கு வர்றியா?"

மல்லிகா நோட்டைப் பார்த்தாள். "இன்னிக்கு எனக்கு வாசல் முறை நைனா. நாளைக்கு சோறு போடற முறை. பதினாலு பேரு, அப்புறம் டீச்சருங்க. முறைய வுட்டுட்டு வரக்கூடாது."

அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேலியோரமாக நடந்துபோய் அங்கே கட்டியிருந்த யாருடைய மாட்டையோ தட்டிக்கொடுத்துக்கொண்டு நின்றார்.

கீழே போகும் மத்தியானப் பஸ் அன்று வரவில்லை. வளைவில் நின்றுவிட்டது என்றார்கள். அண்ணனுக்கு விறகுக்காரர் வீட்டில் இடம் கிடைத்தது. அண்ணி பிள்ளைகளோடு முகாமில் தங்க வேண்டியதாயிற்று. விளக்கு வைத்ததும் மல்லிகா அம்மாவுக்குப் பாய் விரித்தாள். தண்ணீர்ப் பானை எங்கே, கொல்லைப்பக்கம் எங்கே என்று கைப்பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டினாள். அண்ணி பாயின் விளிம்பில் உட்கார்ந்து கூரையைப் பார்த்தாள்.

"கல்யாணம் ஆனதுல இருந்து வேற எடத்துல படுத்ததே இல்ல வசந்தா" என்றாள் என்னிடம்.

"மொத நாளு அப்படித்தாம்மா இருக்கும்" என்றாள் மல்லிகா. "செவுத்துப் பக்கம் படுத்துக்கோ. பயமா இருந்தா என்னை எழுப்பு. ரெண்டாவது நாளு பழகிடும்."

"ரெண்டாவது நாளா? நான் விடிஞ்சா போறேன்டி."

பதினான்கு பிள்ளைகளும் சிரித்தார்கள். அண்ணி போர்வைக்குள் முகத்தை மூடிக்கொண்டு அவளும் சிரித்தாள். மல்லிகா அம்மாவின் போர்வையைக் காலடியில் செருகிவிட்டுத் தன் பாய்க்குப் போனாள். இருவருக்கும் நடுவில் இரண்டு பிள்ளைகள் படுத்திருந்தார்கள்.

ஏழாம் நாள் காலை மல்லிகா பஸ் நிறுத்தம்வரை வரவில்லை. கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தாள். கரண்டியைத் தூக்கிக் காட்டினாள், அவ்வளவுதான். அண்ணி பத்தடிக்கு ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

நிறுத்தத்தில் நின்றபோது என்னால் பேசாமலிருக்க முடியவில்லை. "அழுதுட்டாண்ணா. நீ சொன்ன பேச்சுக்கு நான் இனிமே ஒண்ணும் கேக்கமுடியாது."

அண்ணன் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "கோழிக்குத்தான அழுதா" என்றார். பிறகு, "நீ வேலூர்ல டிரெய்னிங் படிக்கறப்ப ஒரு வாட்டி உன்ன பாக்க வந்தேன்" என்றார்.

"எங்க ஆஸ்டலுக்கா? எப்ப? எனக்குத் தெரியாதே."

"தீவாளிக்கு நீ பரீச்சைன்னு வரல பாரு, அப்ப. அம்மா அதிரசம் குடுத்தனுப்பிச்சி. கேட்டாண்ட வாட்ச்மேன் நோட்ட நீட்டினான். பேரு எழுது, யாரப் பாக்கணும் எழுதுன்னான். பின்னாடி பேன்ட் போட்டவங்க நாலு பேரு நின்னுகினு இருந்தாங்க. எனக்குத் தெரியாதுன்னு சொல்ல ஒரு மாதிரியா இருந்துச்சி. அப்புறம் வர்றேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

அந்த இரண்டு வருடம் என்னைப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை என்று நான் நினைத்திருந்தேன். அதையும் என் பெருமைகளில் ஒன்றாக, தனியாக நின்று படித்தவள் என்று, பலரிடம் சொல்லியிருக்கிறேன்.

"அதிரசம்?" என்றேன்.

"பஸ் ஸ்டாண்டுல குந்திகினு நானே துன்னுட்டேன். நீ துன்னதா அம்மாவாண்ட சொல்லிட்டேன்."

"இத்தினி வருசமா என்னாண்டகூட சொல்லலியே" என்றாள் அண்ணி.

பஸ் வளைவில் திரும்பியது. அண்ணி முதல் ஆளாக ஏறி ஜன்னலோரத்தில் இடம் பிடித்துத் துண்டைப் போட்டாள். அண்ணன் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு நின்றார்.

"ஸ்கூலு எப்ப தொறக்கறாங்க?"

"ஜூன்லண்ணா."

"நானே இட்டுகினு போய் சேக்கறேன். நீ லீவு போடாத."

"அங்கயும் கேட்ல நோட்டு நீட்டுவாங்களே."

"நீட்டட்டுமே" என்றார். "புள்ள கூட வருதில்ல."